அது லீவு இல்லை, தம்பி

சென்ற வாரம் கோயில் மதிலை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். விரிஞ்சிபுரம் மதிலழகு என்று ஊரெல்லாம் சொல்லுமே, அதே மதில்தான். எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்களுக்கு அது டீ குடிக்கும் நிழல். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த பையன் ஒருவன், ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்பவன், புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கைலியோடு வந்து நின்றான்.

"என்னப்பா, வேலைக்குப் போகலையா?" என்றேன்.

"கம்பெனில பன்னெண்டு நாள் லீவு விட்டுட்டாங்க தாத்தா. எக்ஸ்போர்ட் சரக்கு தேங்கிப் போச்சாம்."

"சம்பளம்?"

"லீவுக்கு எப்படி தாத்தா சம்பளம் குடுப்பாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. பன்னிரண்டு நாள் கூலி போகிறது. அதற்கு அவன் வைத்திருக்கும் பெயர் 'லீவு'. பள்ளிக்கூடத்துப் பையன் மழைக்கு விட்ட லீவைச் சொல்வதுபோல் சொல்கிறான். அன்று டீக்கடையில் நான் சொல்ல நினைத்து, பாதி சொல்லி, மீதியை விழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முப்பத்து நான்கு வருடம் டைம் கீப்பராக இருந்தவன். முதலில் ஒரு தோல் ஷாப்பில், பிறகு ஒரு ஷூ அப்பர் கம்பெனியில். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்று எழுதுவதே என் பிழைப்பு. ஆகவே லீவைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. குற்றமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். என் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் லீவு என்ற பேச்சே கிடையாது. 'வாவு' என்பார்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு 'உவா' என்று பெயர். அந்த நாட்களில் பள்ளிக்கூடம் கிடையாது. உவாதான் வாவு ஆயிற்று. என் அப்பா, 'ரஜா' என்று சொல்வார். "நாலு நாள் ரஜா போட்டிருக்கேன்" என்பார். அது உருது வழியாக வந்த அரபுச் சொல். சம்மதம் என்று பொருள். மேலதிகாரி சம்மதித்தால் ரஜா. கன்னடத்தில் இன்றும் 'ரஜே' என்கிறார்கள். என் காலத்தில் லீவு வந்தது. இங்கிலீஷிலும் அந்தச் சொல்லுக்கு அடிப்படை அனுமதி என்பதுதான்.

நான் முதலில் சேர்ந்த தோல் ஷாப்பில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. வியாழக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி பாய் கையைத் தட்டி, "கல் ச்சுட்டி!" என்று குரல் கொடுப்பார். நாளைக்கு லீவு. ச்சுட்டி என்றால் அனுமதி அல்ல, விடுபடுவது. கட்டு அவிழ்ந்தது என்று அர்த்தம். நம் 'விடுமுறை', 'விடுப்பு' இரண்டிலும் இருப்பதும் அந்த 'விடு'தான்.

இந்த ச்சுட்டியை நான் மறுபடி சந்தித்தது கடல் தாண்டி. 2020-ல் பொங்கல் முடிந்து, மகள் வீட்டுக்கு ஜொகூர் பாரு போனேன். இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். அங்கேயும் அப்போது வெள்ளி, சனிதான் வார விடுமுறை. பழைய தோல் ஷாப்புக்கே திரும்பி வந்தது போலிருந்தது. ஒருநாள் மளிகைக் கடைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. மாப்பிள்ளையிடம் கேட்டேன். "ச்சூட்டின்னு போட்டிருக்கு மாமா. இன்னைக்கு லீவு" என்றார். மேஸ்திரி பாயின் சொல்! இந்தியிலிருந்து மலாய்க்குப் போய், அங்கேயே குடியேறிவிட்டது.

மார்ச் 18-ம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு போட்டார்கள். விமானம் இல்லை. நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். வேலை வெட்டி இல்லாத கிழவன், வீட்டுக்குள் அடைந்து கிடந்து, மாப்பிள்ளையின் கம்பெனி விதிப் புத்தகத்தை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பழைய தொழில் புத்தி!

அந்தப் புத்தகத்தில் வெறும் 'ச்சூட்டி' என்று எங்கேயும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் வால் இருந்தது. ச்சூட்டி உமும் என்றால் பொது விடுமுறை. ச்சூட்டி தாஹூனான் என்றால் ஆண்டு விடுப்பு. சர்வீஸ் இரண்டு வருடத்துக்குள் இருந்தால் 8 நாள், ஐந்துக்குள் 12, அதற்கு மேல் 16. இது அந்நாட்டு 1955-ம் வருடத்து வேலைச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு. ச்சூட்டி சாக்கிட் என்றால் நோய்க்கு. ச்சூட்டி பெர்சாலின் என்றால் பிரசவத்துக்கு. ச்சூட்டி தன்பா காஜி என்றால் சம்பளம் இல்லாதது. பெயரைப் படித்தாலே சம்பளம் உண்டா இல்லையா என்று தொழிலாளிக்குத் தெரிந்துவிடும். பொது விடுமுறைக்கு மலாயில் இன்னொரு பெயரும் உண்டு. கெலெப்பாசான். 'லெப்பாஸ்' என்றால் விடுவது. அங்கேயும் அதே 'விடு'.

பக்கத்து வீட்டில் ஓர் இந்தோனேசியப் பெண்மணி இருந்தார். அவர்கள் மொழியும் மலாயும் அண்ணன் தம்பி. ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் இன்னும் கறார். ஆலையோ ஆபீஸோ மூடிக் கிடந்தால் 'லிபூர்'. திறந்திருக்கும் இடத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது 'ச்சூட்டி'. இரண்டையும் கலக்க மாட்டார்கள். ஏப்ரல் மாதம் ஒருநாள் அந்த அம்மாள் அழுதுகொண்டு வந்தார். பாத்தாம் தீவில் அவர் தம்பி வேலை செய்த தொழிற்சாலையில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "லிபூரா?" என்று எனக்குத் தெரிந்த சொல்லை வைத்துக் கேட்டேன். தலையை ஆட்டினார். லிபூரும் இல்லை, ச்சூட்டியும் இல்லை. 'டிருமாஹ்கான்' என்றார். ரூமா என்றால் வீடு. வீட்டோடு இருக்க வைக்கப்பட்டவன். அதற்கென்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அந்த அம்மாளின் வீட்டில் ஒருவருக்கும் அது ஓய்வு என்று தோன்றவில்லை. அடுத்த மாதம் அரிசிக்கு என்ன செய்வது என்று உடனே பேசினார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1991-ம் வருடம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அந்த வருடம் எங்கள் கம்பெனிக்குத் தோல் வரத்து நின்றுபோனது. தோல் இல்லாமல் கட்டிங் இல்லை, கட்டிங் இல்லாமல் தையல் இல்லை. மேலே இருந்து உத்தரவு: "லேடீஸ் லைன் எல்லாத்துக்கும் லீவு விட்டுடு. திரும்பச் சொல்லி அனுப்பற வரைக்கும் வர வேணாம்." நானும் பஸ் பஸ்ஸாக ஏறிச் சொன்னேன். பள்ளிகொண்டா பஸ், மாதனூர் பஸ், எங்கள் ஊர் பஸ். பெண்கள் சிலர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். மஸ்டர் ரோலில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் 'எல்' போட்டேன். நாற்பது வேலை நாட்கள். நாற்பது எல்.

அடுத்த வருடம் ஒரு அம்மா என் ஜன்னலுக்கு வந்தார். ஐந்தாறு வருட சர்வீஸ்.

"சார், பத்து நாள் லீவு வேணும். பொண்ணுக்குத் தலைப்பிரசவம்."

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். "உனக்குக் கணக்குல லீவு இல்லம்மா. போன வருஷம் 208 நாள்தான் வந்திருக்க. 240 வந்தாத்தான் லீவு சேரும். நீதான் நாப்பது நாள் லீவு எடுத்துட்டியே."

அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அது நான் எடுத்த லீவா சார்? நீங்க விட்ட லீவு இல்ல?"

எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். லீவு எடுப்பது வேறு, லீவு விடுவது வேறு. நம் தமிழில் வினைச்சொல் அதைச் சரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. லீவு எடுத்தேன், லீவு போட்டேன் என்றால் நான் செய்தது. லீவு விட்டார்கள் என்றால் அவர்கள் செய்தது. பேச்சில் இருக்கும் இந்த வித்தியாசம் ரிஜிஸ்டரில் இல்லை. அங்கே இரண்டுக்கும் ஒரே எல்.

அந்த எல் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அப்போதைய சட்டப்படிதான்.

1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், 79-ம் பிரிவு. வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, அடுத்த வருடம். நிலையாணைப்படி முதலாளி வேலை தர முடியாமல் நிறுத்திவைத்த நாட்கள், அதாவது லே-ஆஃப், அந்த 240-ஐ எண்ணும்போது வேலை செய்த நாளாகவே சேரும். 208-உம் 40-உம் சேர்ந்தால் 248. தாண்டிவிட்டார். 208 நாள் வேலைக்குப் பத்து நாள் விடுப்பு. அவர் கேட்டதும் சரியாகப் பத்து நாள்.

அடுத்து, தொழில் தகராறு சட்டம், 25-சி பிரிவு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், ஒரு வருட சர்வீஸ் உள்ள தொழிலாளிக்கு லே-ஆஃப் நாளில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்துப் பாதி தர வேண்டும். நாற்பது நாளுக்கு இருபது நாள் சம்பளம். ஆக மொத்தம் முப்பது நாள் சம்பளம், ஒரு மாதக் கூலிக்கு மேல், என் பேனாவில் இருந்து விழுந்த ஒரு எழுத்தால் போயிற்று.

இதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. லே-ஆஃப் நாளில் தொழிலாளி தினமும் ஒருமுறையாவது குறித்த நேரத்தில் ஆலைக்கு வந்து நின்று பெயர் கொடுக்க வேண்டும். வராதவருக்கு அந்தப் பாதிச் சம்பளமும் கிடையாது என்கிறது 25-இ. நான் என்ன சொன்னேன்? "லீவு, வராதீங்க" என்றேன். லீவு என்று கேட்டவர்கள் வீட்டில் இருந்தார்கள். லீவு நாளில் யாராவது கம்பெனி வாசலுக்குப் போவார்களா? வார்த்தையே அவர்களை வாசலுக்கு வரவிடாமல் செய்துவிட்டது.

அந்த அம்மாவுக்குச் சம்பளம் இல்லாமல் பத்து நாள் எழுதிக் கொடுத்தேன். "நீங்கள் சொன்னது சரி" என்று சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பிரிவு தெரிந்துதான் இருந்தது. எனக்கும் குடும்பம் இருந்தது. அவ்வளவுதான் என் சமாதானம். அது போதாது என்று எனக்கே தெரியும்.

இதைச் சொன்னால் என் நண்பர்கள் இரண்டு விதமாக மறுக்கிறார்கள்.

ஒருவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "லீவு என்ற ஆங்கிலச் சொல்லை ஒழித்து, விடுப்பு என்று சொன்னால் எல்லாம் சரியாகும்" என்கிறார். ஆகாது ஐயா. 'எல்' போட்ட இடத்தில் 'வி' போட்டால் அந்த அம்மாவுக்குப் பத்து நாள் கிடைத்திருக்குமா? எனக்கு லீவு என்ற சொல்லோடு சண்டை இல்லை. மலாய்க்காரர்கள் இந்திச் சொல்லை வாங்கிக்கொண்டு எவ்வளவு தெளிவாகப் பயன்படுத்துகிறார்கள்! சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது முக்கியம் இல்லை. எத்தனை விஷயங்களை ஒரே சொல்லுக்குள் ஒளித்து வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நம் சர்க்கார் ஆபீஸ் தமிழில் இந்தப் பிரிவெல்லாம் அழகாக இருக்கிறது. மூடியிருந்தால் விடுமுறை. எடுத்துக்கொண்டால் விடுப்பு. அதிலும் தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு, மகப்பேறு விடுப்பு, ஈட்டிய விடுப்பு. ஈட்டிய விடுப்பு! எவ்வளவு நல்ல சொல். உழைத்துச் சம்பாதித்தது என்று நெற்றியில் எழுதியிருக்கிறது. ஆனால் இந்தச் சொற்களெல்லாம் தாலுகா ஆபீஸோடும் பள்ளிக்கூடத்தோடும் நின்றுவிட்டன. ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறவே இல்லை. பாதுகாப்பான வேலையில் இருப்பவருக்குப் பத்துச் சொல், தினம் கேட்டில் நிற்பவளுக்கு ஒரே சொல். இது நியாயமா?

இன்னொரு நண்பர் சின்னதாக ஒரு யூனிட் நடத்தியவர். "வெளிநாட்டுக்காரன் ஆர்டரை நிறுத்தினால் நான் என்ன செய்வேன்? ஆளுக்கு லீவு விடாமல் சொத்தை விற்றா சம்பளம் கொடுப்பேன்?" என்கிறார். அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். தோல் தொழிலில் மேடும் பள்ளமும் கூடப்பிறந்தவை. சட்டமும் அவரை முழுச் சம்பளம் கேட்கவில்லை. பாதிதான் கேட்கிறது. சின்ன யூனிட்டை அதுகூடக் கேட்கவில்லை. நான் கேட்பது அதைவிடக் குறைவு. தர முடியாததைத் தர முடியவில்லை என்று சொல்லுங்கள். "வேலை தராத நாள்" என்று எழுதுங்கள். நீங்கள் நிறுத்தியதை அவள் எடுத்ததாக எழுதாதீர்கள்.

இந்தோனேசியாவில் 'ச்சூட்டி பெர்சாமா' என்று ஒன்று உண்டு. பண்டிகையை ஒட்டி அரசாங்கமே கூட்டாக அறிவிக்கும் விடுப்பு. தனியார் கம்பெனி ஆளுக்கு அது அவருடைய ஆண்டு விடுப்பு 12 நாளில் கழியும். கழிப்பது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. ஆனால் எதில் கழிகிறது என்பது வருட ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. இங்கே கடை ஞாயிறுக்கு மறுநாள் கம்பெனி மூடினால், அது பண்டிகை விடுமுறையா, நம் கணக்கில் கழித்ததா, கூலி வெட்டா என்று சம்பளச் சீட்டு வரும்வரை தெரியாது. பலருக்குச் சீட்டு வந்த பிறகும் தெரியாது.

இந்த மயக்கத்துக்கு விதை பள்ளிக்கூடத்திலேயே போடுகிறோம். "எனக்குக் காய்ச்சல் என்பதால் ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஒன்றாம் வகுப்புக் குழந்தை காய்ச்சலுக்குக்கூடத் தாழ்மையோடு கேட்க வேண்டும்! அந்தக் குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும்போது, லீவு என்றால் பெரியவர்கள் பார்த்துக் கொடுப்பது என்று மனதில் பதிந்துவிடுகிறது. கொடுத்தால் நன்றி, கொடுக்காவிட்டால் தலைவிதி.

யாரும் பார்த்துக் கொடுக்கவில்லை ஐயா. பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது 1890 ஜூன் 10-ம் தேதி. அதற்கு நாராயண் மேகாஜி லோகண்டே வருடக்கணக்கில் கூட்டம் கூட்டி மனுப் போட வேண்டியிருந்தது. சென்னையில் 1923-ல் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். அந்த நாள் இன்று சம்பளத்தோடு விடுமுறை. நம் மாநிலத்தில் 1958-ம் வருடத்துச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு ஐந்து பண்டிகை நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை. ஒவ்வொரு நாளும் எவனோ ஒருவன் கேட்டு வாங்கியது. அதையும் நாற்பது நாள் கூலி வெட்டையும் ஒரே பெயரில் அழைப்பது, கேட்டு வாங்கியவனுக்குச் செய்யும் அவமரியாதை.

இப்போது பழைய சட்டங்களையெல்லாம் சேர்த்து நான்கு தொகுப்புகளாக்கிவிட்டார்கள். அதில் 240 நாள் 180 ஆகியிருக்கிறது. லே-ஆஃப்புக்குப் பாதிச் சம்பளம் என்ற ஏற்பாடு அதிலும் இருக்கிறது. பிரிவு எண் மாறும். ஆனால் ரிஜிஸ்டரில் என்ன எழுத்து விழுகிறதோ அதுதான் கடைசியில் பேசும். இது மட்டும் மாறாது.

ஆகவே இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்கு இனி யாரும் லீவு விடப் போவதில்லை. வீட்டில் மகனோ மருமகளோ பேத்தியோ வேலைக்குப் போகிறார்கள். "கம்பெனில லீவு" என்று அவர்கள் சொன்னால், "அப்பாடா, ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். நீ எடுத்ததா, அவர்கள் விட்டதா? சம்பளம் உண்டா? மஸ்டரில் என்ன எழுதுகிறார்கள்? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

அன்று டீக்கடையில் அந்தப் பையனிடமும் இதைத்தான் சொன்னேன். "அது லீவு இல்லை தம்பி. வேலை குடுக்கல. நாளைக்குக் காலைல எப்பவும் போற நேரத்துக்குப் போய், கேட்ல நின்னு, வந்தேன்னு எழுதச் சொல்லு. தினமும் போ."

"லீவு நாள்ல போனா சிரிப்பாங்க தாத்தா" என்றான்.

சிரிப்பார்கள்தான். டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவன் முதலில் சிரிப்பான். நான் அங்கே உட்கார்ந்திருந்தவன், எனக்குத் தெரியும். மறுநாள் காலை ஆறே முக்கால் பஸ்ஸில் அவன் ஏறினானா என்று பார்க்க மதில் பக்கம் போய் நின்றேன். ஏறவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் இன்னும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு ஏறினான். எழுதினார்களா, விரட்டினார்களா என்று இன்னும் கேட்கவில்லை. சாயங்காலம் டீக்கடைக்கு வரட்டும், கேட்கிறேன்.